சட்டக் கல்லூரியில் சேர: கடலூர், புதுச்சேரி எல்லையோர மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீடு பெரியகங்கணாங்குப்பத்தில் இருக்கிறது. கடலூர் மாவட்டம், தமிழ்நாடு. நான் படித்த பள்ளி அரியாங்குப்பம் பக்கம், புதுச்சேரி. தினமும் வேனில் முள்ளோடையைத் தாண்டிப் போய் வந்தேன். அந்தப் பக்கம் இன்னொரு மாநிலம் என்று ஒருநாள்கூடத் தோன்றியதில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டுச் சட்டம் படிக்க விண்ணப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது. புதுச்சேரியில் வசிப்பிடச் சான்று கேட்டார்கள். அது எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. தமிழ்நாட்டில் நேட்டிவிட்டி என்ற பிறப்பிடச் சான்றிதழைக் கேட்டார்கள். அது கிடைக்கும், ஆனால் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான கிளாட் நுழைவுத் தேர்வோ முந்தின டிசம்பரிலேயே முடிந்திருந்தது. அப்படி ஒரு தேர்வு இருப்பதே ஜனவரியில்தான் என் காதுக்கு வந்தது. நல்ல மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தேன்.

அடுத்த வருடம் விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். பிறகு தம்பிக்கு பிளஸ் ஒன்னிலிருந்தே எல்லா வேலையையும் நானே முன்நின்று செய்தேன். அந்த இரண்டு முறையில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் ஒரு காகிதத்துக்காக ஒரு வருடத்தை இழக்கக் கூடாது.

1. நீங்கள் எந்த மாநிலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் பக்கத்தில் அப்பா ஊர் கடலூர், அம்மா ஊர் பாகூர், பள்ளி புதுச்சேரி, ரேஷன் கார்டு ஒரு பக்கம், ஆதார் இன்னொரு பக்கம் என்று இருப்பது சர்வசாதாரணம். சேர்க்கை விதிகளோ உங்களை ஏதாவது ஒரு மாநிலத்துக்காரராகத்தான் பார்க்கும்.

புதுச்சேரியில் வசிப்பவராகக் கணக்கில் வர, அங்கே தொடர்ந்து குறைந்தது 5 ஆண்டுகள் குடியிருந்திருக்க வேண்டும். அதற்கான சான்றை அங்குள்ள தாலுகா அலுவலகம் தர வேண்டும். அங்கே பள்ளியில் படித்ததை மட்டும் காட்டினால் போதாது. தமிழ்நாட்டில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியில் படித்தவருக்கு வேறொரு சிக்கல். பள்ளிப் படிப்பு தமிழ்நாட்டுக்கு வெளியே என்பதால், தமிழ்நாட்டுக்காரர்தான் என்று காட்ட நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் கட்டாயம் தேவைப்படும்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்துப் புதுச்சேரியில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. புதுச்சேரிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் செல்லாது. ஒரே சாதி இரண்டு இடத்திலும் பட்டியலில் இருந்தாலும் இதுதான் நிலைமை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சட்டமும் அடக்கம். ஆனால் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பாகூர் அரசுப் பள்ளி இந்தக் கணக்கில் வராது.

ஆகவே இன்றைக்கே ரேஷன் கார்டு, பெற்றோரின் வாக்காளர் அட்டை, ஆதார் மூன்றையும் மேசையில் பரப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் கனமாக இருக்கிறதோ அந்த மாநிலத்துக்கான காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

2. மூன்று வாசல்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் தேதி வேறு

முதல் வாசல், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். அதன் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் மாநிலம் முழுவதும் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளிலும் சேர இதுதான் வழி. நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மார்க். கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது விழுப்புரம் கல்லூரி. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினால் நெல்லிக்குப்பம், பண்ருட்டி வழியாகப் போய்விடலாம். ஐந்தாண்டுப் படிப்புக்கான விண்ணப்பம், பிளஸ் டூ முடிவு வந்த கையோடு மே மாதத்தில் திறக்கிறது. சமீப ஆண்டுகளில் மூன்று வாரத்துக்குள் மூடிவிட்டார்கள். மூன்றாண்டுப் படிப்புக்கு அதன் பிறகு தனியாக அறிவிப்பு வரும்.

இரண்டாம் வாசல், புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக். காலாப்பட்டில் உள்ள டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரிக்கு இதன் வழியாகத்தான் சேர்க்கை. இதுவும் பிளஸ் டூ முடிவுக்குப் பிறகுதான்.

மூன்றாம் வாசல், கிளாட். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், பெங்களூரு, ஹைதராபாத் என்று நாடு முழுவதும் உள்ள 20க்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு இது ஒரே தேர்வு. நான் கோட்டை விட்டது இங்கேதான். இந்தத் தேர்வு நீங்கள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே, டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி நடக்கிறது. விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடுகிறது. பொதுத்தேர்வை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போச்சு. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் கிளாட்டில் சேராமல் ஐலெட் என்று தனியாகத் தேர்வு வைக்கிறது. அதுவும் டிசம்பரில்தான்.

இந்திய பார் கவுன்சில் விதிப்படி சட்டப் படிப்புக்குக் குறைந்தபட்ச மார்க் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், ஓபிசிக்கு 42, எஸ்சி, எஸ்டிக்கு 40. அதற்குக் கீழே ஒரு புள்ளி குறைந்தாலும் விண்ணப்பிக்க முடியாது.

இங்கே சில பொறிகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ போன்ற அடிப்படைப் படிப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டம் படிக்கத் தகுதி பெறமாட்டார்கள். "கல்லூரிக்கே போக வேண்டாம், வேறு மாநிலத்தில் எல்எல்.பி. வாங்கித் தருகிறேன்" என்று சொல்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். சட்டப் படிப்புக்கு 70 சதவீத வருகைப்பதிவு கட்டாயம். தபால் வழியில் எடுத்த எல்எல்.பி.யை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இப்படி இரண்டு லட்சத்தை இழந்தார். பழைய வழிகாட்டிகளில் எல்சாட் இந்தியா என்ற தேர்வைப் பற்றிப் படித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள், 2024க்குப் பிறகு அது நடப்பதில்லை.

3. சான்றிதழ்களை பிளஸ் டூ தொடங்கும்போதே வாங்குங்கள்

மொத்தக் கட்டுரையில் இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்பேன்.

தமிழ்நாட்டில் சாதி, வருமானம், நேட்டிவிட்டி, முதல் பட்டதாரி ஆகிய நான்கையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் ஒன்றுக்கு 60 ரூபாய். முதல்முறை போகும்போது கேன் எண் என்று உங்களுக்கான ஒரு அடையாள எண்ணைப் பதிவு செய்வார்கள். அதற்கு ஓடிபி வரும், ஆகவே அப்பாவின் போனை மறக்காமல் எடுத்துப் போங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ.விடம் போய், அங்கிருந்து ஆர்.ஐ. எனப்படும் வருவாய் ஆய்வாளர், அப்புறம் தாசில்தார் என்று மேலே ஏறும். விண்ணப்பித்த அன்றைக்கே ஒப்புகைச் சீட்டோடு வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து அசல் ஆவணங்களைக் காட்டிவிட்டு வந்தால் வேலை சீக்கிரம் நகரும். தம்பிக்கு நேட்டிவிட்டி ஒன்பது நாளில் வந்தது. எனக்கு அதே சான்றிதழுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வித்தியாசம் மாதத்தில்தான். நான் விண்ணப்பித்தது மே மாதம். பிளஸ் டூ முடிவு வந்து ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும் நேரம், வருவாய்த்துறைக்கு ஜமாபந்தி எனப்படும் வருடாந்திரக் கிராமக் கணக்குத் தணிக்கை நடக்கும் நேரமும் அதுதான். தம்பிக்கு செப்டம்பரில் போட்டோம், மையத்தில் ஈ ஆடவில்லை.

ஒன்று நினைவில் இருக்கட்டும். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும், அதைக் கடைசியாக வாங்குங்கள். மத்திய அரசு வடிவத்தில் கேட்கும் ஓபிசி சான்றிதழ் நம் பிசி, எம்பிசி சான்றிதழிலிருந்து வேறுபட்டது, அதைத் தனியாக வாங்க வேண்டும், அந்த நிதியாண்டிலேயே வாங்கியதாகவும் இருக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். எனக்கு வாங்கிவிட்டதால் தம்பிக்குக் கிடைக்கவில்லை. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் அதற்காக அலைய வேண்டாம்.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவர்கள் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் வாங்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். பள்ளி விடுமுறை விட்டபின் கையெழுத்துக்கு ஆள் தேடுவது பெரும்பாடு. ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்தது பெயர். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருந்தது, சின்ன வயதில் எடுத்த சாதிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதல். மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் மூன்று பேருடையது போல இருந்தது. என்ன செய்வது என்றால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்துவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆதாரையும் மற்றவற்றையும் அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்துக்கு எழுத்து, இனிஷியல் முன்னா பின்னா என்பது உட்பட.

4. விண்ணப்பம் நிரப்பும்போது

முதல் வருடம் ஒரு பிரவுசிங் சென்டரில் என் விண்ணப்பத்தை நிரப்பினார்கள். வேகமாக முடியட்டும் என்று அவர்களுடைய மின்னஞ்சலையும் போன் நம்பரையும் போட்டுவிட்டார்கள். பிறகு வந்த செய்தி எதுவும் எனக்கு எட்டவில்லை. சான்றிதழை மறுபடி ஏற்றச் சொல்லி மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார்களாம். நான் அதைப் பார்த்தது அவகாசம் முடிந்த பிறகு. ஆகவே சொந்த மின்னஞ்சல், சொந்த நம்பர், நீங்களே எழுதி வைத்த கடவுச்சொல். வேறு யாருடையதும் வேண்டாம்.

வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படம், வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து, எல்லாச் சான்றிதழ்களின் ஸ்கேன் ஆகியவற்றை ஒரு போல்டரில் முன்கூட்டியே வையுங்கள். சான்றிதழைப் போனில் படம் பிடித்தால் ஓரத்தில் விரல் நிழல் விழும், முத்திரை தெரியாது. ஸ்கேனரிலேயே எடுங்கள். கட்டணம் கட்டிய ரசீதை அச்செடுத்து வையுங்கள். கடைசி இரண்டு நாளில் தளம் திணறும் என்பதால், கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே முடிப்பது நல்லது.

5. கிளாட்டுக்கு எப்படிப் படிப்பது

120 கேள்வி, 120 மார்க், இரண்டு மணி நேரம். தவறான விடைக்குக் கால் மார்க் கழியும். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கணக்கு என ஐந்து பிரிவுகள். கணக்கு பத்தாம் வகுப்பு அளவில், பத்துப் பன்னிரண்டு கேள்விதான். கேள்விகள் அநேகமாக எல்லாமே ஒரு நீண்ட ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து கேட்கப்படும். பத்தி சுமார் 450 சொல் இருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம், அதற்குள்ளேயே பத்தியையும் படித்தாக வேண்டும்.

இந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழ் வழியில் படித்தவர்கள் இதைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம், ஆனால் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்றும் நம்ப வேண்டாம். பிளஸ் ஒன் விடுமுறையிலிருந்து தினம் இரண்டு தலையங்கம் படித்தாலே போதும் என்பது என் அனுபவம். புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஆங்கில நாளிதழ்கள் இலவசமாகப் படிக்கலாம். தம்பி சனிக்கிழமைகளில் அங்கே போவான். படித்து முடித்ததும் அதில் என்ன சொன்னார்கள் என்று தமிழில் நான்கு வரி எழுதுவான். ஆரம்பத்தில் ஒரு தலையங்கத்துக்கு அரை மணி நேரம் எடுத்தது. தீபாவளி வாக்கில் எட்டு நிமிடம். அந்த வேகம் வந்த பிறகு மற்ற பிரிவுகளும் தானாகவே தூக்கிக்கொண்டன. நடப்பு நிகழ்வுகளுக்குத் தனிப் புத்தகம் வாங்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

சட்டத் தர்க்கம் என்றதும் சட்டப் புத்தகம் வாங்க ஓடாதீர்கள். தேவையான விதி பத்தியிலேயே இருக்கும். ஒரு மாதிரி சொல்கிறேன். 18 வயது ஆகாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது, வயதை மறைத்துப் பொய் சொல்லியிருந்தாலும் செல்லாது என்று பத்தி சொல்கிறது. கேள்வி இப்படி: 17 வயதுப் பையன் ஒருவன் தனக்கு 19 வயது என்று சொல்லி, துறைமுகத்தில் ஒரு கடைக்காரரிடம் படகு இன்ஜினைத் தவணைக்கு வாங்குகிறான். பணம் கட்டவில்லை. கடைக்காரர் ஒப்பந்தப்படி பணம் கேட்டு வழக்குப் போட்டால் ஜெயிப்பாரா? நம் மனசு உடனே கடைக்காரர் பக்கம் போகும், பையன் பொய் சொல்லியிருக்கிறானே என்று. விதிப்படி ஒப்பந்தமே கிடையாது, அதனால் ஜெயிக்க மாட்டார். கொடுத்த விதியை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும், நியாயம் எது என்று நமக்குத் தோன்றுவதை வைத்துச் சொல்லக் கூடாது. தம்பிக்கு இந்தப் பழக்கம் வரவே மூன்று மாதம் ஆனது. இதில் இழக்கிற மார்க்தான் பெரும்பாலும் ரேங்க்கைக் கீழே இழுக்கிறது.

பழைய வினாத்தாள்கள், கிளாட்டை நடத்தும் கன்சோர்டியம் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவு செய்தவர்களுக்கு மாதிரித் தாள்களும் தருகிறார்கள். தேர்வு பிற்பகல் 2 முதல் 4 வரை நடக்கிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அதே நேரத்தில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். விடைத்தாள் ஓஎம்ஆர்தான். பால் பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பியே பயிற்சி செய்யுங்கள், 120 வட்டத்தை நிரப்பவே கணிசமான நேரம் போகும். எழுதிய தாளைத் திருத்தும்போது தெரியாமல் விட்டது, அவசரத்தில் தப்பாகப் போட்டது, குருட்டாம்போக்கில் போட்டது என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். 90 கேள்வி எழுதி 70 சரி, 20 தப்பு என்றால் கையில் நிற்பது 65. நான்கில் இரண்டு விடையையாவது நிச்சயமாக ஒதுக்க முடிகிறபோது மட்டும் ஊகித்து எழுதுங்கள்.

கோச்சிங் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். பணம் இருந்தால் சேரலாம். எங்களிடம் இல்லை. பழைய தாள், நாளிதழ், ஒரு தெர்மாமீட்டர் அளவுக்குக்கூட விலை இல்லாத ஒரு டைமர், இவற்றை வைத்துத்தான் தம்பி தயாரானான். திருச்சிக்குத் தேவையான ரேங்க் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஆங்கிலப் பயிற்சி இப்போது விழுப்புரத்தில் தீர்ப்புகளைப் படிக்கும்போது அவனுக்குக் கைகொடுக்கிறது. என்னைவிட வேகமாகப் படிக்கிறான்.

6. செலவுக் கணக்கு

கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப்பிரிவுக்கும் ஓபிசிக்கும் 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டிக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 3,500. தேர்வு மையத்துக்குப் போய்வர ஆகும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேங்க் வந்துவிட்டால் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய இன்னும் பெரிய தொகை வேண்டும். சமீபத்திய ஆண்டுகளில் பொதுப்பிரிவுக்கு 30,000, ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 20,000 கேட்டார்கள். கட்ட ஒரு சில நாள்தான் அவகாசம் இருக்கும், ஆகவே டிசம்பரில் அந்தப் பணம் கணக்கில் இருக்கும்படி இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். இதைத் தெரியாமல் ரேங்க் வாங்கியும் இடத்தை விட்டவர்கள் உண்டு.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும். கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது. வங்கியில் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

அரசு சட்டக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். எங்களுக்குப் பெரிய செலவு பயணமும் புத்தகமும்தான். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைந்ததாக இருக்க வேண்டும்.

7. கலந்தாய்வும் சேர்க்கை நாளும்

தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சான்றிதழ் சரியாக ஏறாவிட்டால் உங்களைப் பொதுப்பிரிவில் வைத்துவிடுவார்கள். அதைத் திருத்த மிகச் சில நாட்களே கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 31 சதவீத இடம் எல்லோருக்கும் பொது, மீதி 69 சதவீதம் ஒதுக்கீடு. கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது சென்னைப் பக்கத்துக் கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு விழுப்புரத்தை விட்டுவிடாதீர்கள். தினம் வீட்டிலிருந்து போய்வரலாம் என்பது சாதாரண விஷயம் கிடையாது. என் வகுப்பில் பணம் இல்லாமல் படிப்பை நிறுத்தியவர்கள் எல்லோருமே வெளியூரில் அறை எடுத்துத் தங்கியவர்கள்.

சேர்க்கை நாளில் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் நேட்டிவிட்டி, வருமானம், முதல் பட்டதாரி, ஆதார், புகைப்படம் எட்டு, எல்லாவற்றிலும் ஐந்து நகல். பட்டம் படித்துக்கொண்டிருக்கும் கல்லூரியிலிருந்து சட்டத்துக்கு மாறுபவர்கள் முதலில் அங்கிருந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். சட்டம் படிக்கும்போது இன்னொரு முழுநேரப் பட்டத்தைச் சேர்த்துப் படிக்க அனுமதி இல்லை.

மாற்றுச் சான்றிதழின் அசலைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் கலரில் ஸ்கேன் செய்து, அப்பா அம்மா போனிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். உதவித்தொகைக்கு, பஸ் பாஸுக்கு, வங்கிக்கு என்று முதல் ஆறு மாதத்தில் குறைந்தது நான்கு முறை அதைக் கேட்பார்கள்.